லேப்டாப்பில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

நெட் ஸ்லோ என்றதும் நம் வீடுகளில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, ரவுட்டரை அணைத்துப் போடுவது. இன்னொன்று, கனெக்‌ஷன் கொடுத்தவருக்கு போன் போட்டுச் சத்தம் போடுவது. முதலாவது சில நேரம் பலிக்கும். இரண்டாவதில் ஒருவர் பைக்கில் வந்து, ரவுட்டர் பக்கத்தில் நின்று தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, "சார், 100 வருது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போவார். அவர் காட்டுவது பொய்யில்லை. உள்ளறையில் உங்கள் லேப்டாப்பில் வீடியோ நின்று நின்று ஓடுவதும் பொய்யில்லை.

தெருக் கம்பத்திலிருந்து லேப்டாப் திரைக்கு நெட் வந்து சேர நாலு இடத்தைத் தாண்ட வேண்டும்: வெளியே இருந்து வரும் லைன், ரவுட்டர், ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உள்ள காற்றும் சுவரும், கடைசியில் லேப்டாப். அடைப்பு எந்த இடத்தில் என்று தெரியாமல் புது ரவுட்டர் வாங்குவதும், திட்டத்தைப் பெரிதாக்குவதும் வீண் செலவு. சென்னைக் கடற்கரையில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. 2020-ல் அந்தமானுக்குப் போன கேபிளும் இங்கிருந்து கிளம்பியதுதான். அவ்வளவு தூரம் ஒழுங்காக வரும் நெட், ஹாலிலிருந்து பெட்ரூமுக்குப் போகிற முப்பது அடியில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறது.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கனெக்‌ஷன் விற்பவர் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. லேப்டாப்பில் ஒரு ஃபைல் இறங்கும்போது தெரியும் எண் பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 எம்பி இறங்கினால் அது முழு வேகம்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

எவ்வளவு வேகம் போதும்? நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ்ஸும், 4கே படத்துக்கு 15-ம் கேட்கிறது. வீடியோ காலுக்கு அதைவிடக் குறைவே போதும். ஸ்பீட் டெஸ்டில் 40 வந்தும் மீட்டிங்கில் குரல் உடைந்து உடைந்து கேட்கிறது என்றால், தகவல் போய்வரும் நேரம் ஏறி இறங்குகிறது என்று பொருள். இதற்கும் காரணம் பெரும்பாலும் வைஃபைதான். தேடும் வழியும் ஒன்றுதான்.

முதல் வேலை: கேபிள் சோதனை

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். வைஃபையைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால் பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ரவுட்டரின் பின்னால் லேன் என்று எழுதிய துளை ஒன்றில் லேன் கேபிளின் ஒரு முனையையும், லேப்டாப்பில் மறுமுனையையும் செருகுங்கள். க்ளிக் என்று சத்தம் வர வேண்டும். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அந்தத் துளை இருக்காது. அதற்கு யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வேண்டும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை தொங்கும். கேட்கும்போது கிகாபிட் அடாப்டர் என்று சொல்லிக் கேளுங்கள். மலிவானதை வாங்கினால் அது 100-க்கு மேல் ஏறாது, சோதனையே தப்பாகிவிடும்.

கேபிளைச் செருகிய பிறகு லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் டிவியில் யாராவது படம் பார்த்தால் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஃபாஸ்ட் டாட் காம், அல்லது ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட், இரண்டில் ஒன்றைத் திறந்து இரண்டு மூன்று முறை ஓட்டி, எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து கேபிளைக் கழற்றி, வைஃபையைப் போட்டு, அதே இடத்தில் ஒரு முறை. கடைசியாக, வழக்கமாக உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தில் ஒரு முறை.

கையில் மூன்று எண் இருக்கிறதா? கேபிளிலேயே வேகம் வரவில்லை என்றால் கோளாறு லைனில் அல்லது ரவுட்டரில். கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். கேபிளில் நன்றாக வந்து, ரவுட்டர் பக்கத்திலேயே வைஃபையில் விழுந்தால் லேப்டாப்பையோ ரவுட்டரின் செட்டிங்கையோ சந்தேகப்பட வேண்டும். அதே இடத்தில் போனில் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். போனில் மட்டும் நல்ல வேகம் என்றால் குற்றவாளி லேப்டாப்தான். ரவுட்டர் பக்கத்தில் நன்றாக வந்து அறைக்குள் போனதும் விழுந்தால், சுவரும் தூரமும்.

இதில் ஒரு பொறி உண்டு. 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கிறீர்கள். கேபிளில் எத்தனை முறை போட்டாலும் 94, 95 என்று ஒரே இடத்தில் நிற்கிறது. லைன் மோசமாக இருந்தால் எண் ஏறி இறங்கும். இப்படி ஆணி அடித்த மாதிரி நின்றால், நடுவில் ஏதோ ஒன்று 100-லேயே கட்டிப்போட்டிருக்கிறது. பழைய ரவுட்டர்களின் துளை 100-க்கு மேல் தராது. கேபிளும் காரணமாக இருக்கலாம்: உள்ளே எட்டு இழை, 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நாலு போதும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ மீதி நாலில் ஒரு இழை போனால் நெட் பெரும்பாலும் நிற்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வைஃபை எந்த அலைவரிசையில் இருக்கிறது?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதற்குள் உங்கள் வைஃபை பெயரின் ப்ராப்பர்ட்டீஸ். கீழே இறங்கினால் லிங்க் ஸ்பீட் என்றும், நெட்வொர்க் பேண்ட் என்றும் இருக்கும். மேக் லேப்டாப்பில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை படத்தைத் தொட்டால் இதே விவரம் வரும்.

லிங்க் ஸ்பீட் என்பது லேப்டாப்பும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரைதான் உங்கள் கைக்கு வரும். அங்கே 72 என்று இருந்தால் ஸ்பீட் டெஸ்டில் நாற்பதைத் தாண்டுவதே பெரிது. திட்டத்தை 500-க்கு ஏற்றினாலும் அதே நாற்பதுதான். இந்த 72 எண்ணைப் பார்த்தால் நீங்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 433 அல்லது 866 என்று காட்டினால் 5 ஜிகாஹெர்ட்ஸ்.

2.4 பழைய அலைவரிசை. சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். அதைச் சேனல் என்ற சின்னச் சின்னத் தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. வேளச்சேரியிலோ வடபழனியிலோ ஒரு அப்பார்ட்மென்டில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று இருபது பெயர் வரும். அத்தனையும் அந்த மூன்று சேனலில்தான். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடப்பது மாதிரி: கால் நல்லாத்தான் இருக்கிறது, நடக்கத்தான் இடமில்லை. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018-ல் அந்த அலைவரிசையில் இன்னும் பெரிய பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள்.

ஆகவே, உங்கள் வைஃபை பெயருக்குக் கீழே அதே பெயர் 5ஜி என்ற ஒட்டோடு இருந்தால் அதில் சேருங்கள். போன் சிம்மில் வரும் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டி, எதில் சேர்ப்பது என்று தாமே முடிவெடுக்கும். பழைய லேப்டாப்புகள் அதில் 2.4-ஐயே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எனக்கு இந்த ஒரே பெயர் ஏற்பாடு பிடிப்பதில்லை. ரவுட்டர் செட்டிங்கில் ஸ்மார்ட் கனெக்ட் அல்லது பேண்ட் ஸ்டீயரிங் என்பதை அணைத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள்.

ரவுட்டர் செட்டிங்குக்குப் போக, பிரவுசரின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடிக்க வேண்டும். ஜியோ பெட்டி என்றால் 192.168.29.1. பாஸ்வேர்டு பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் மூன்று விஷயம் பாருங்கள். 2.4-ல் சேனல் 1, 6, 11-ல் எது காலி என்று போனில் வைஃபை அனலைசர் செயலி போட்டுப் பார்த்து அதை வையுங்கள்; அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5-ல் சேனல் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை ஏதாவது ஒன்று, அகலம் 80. நடுவில் உள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கிடுபவை. ரேடார் இருப்பதாகத் தோன்றினால் ரவுட்டர் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறும், நெட் ஒரு கணம் அறும். மூன்றாவது, பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய டிகேஐபி இருந்தால் லிங்க் ஸ்பீட் 54-லேயே நின்றுவிடும்.

ரவுட்டர் உட்காரும் இடம்

கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அது அவருக்கு வசதி. நமக்கு அங்கிருந்துதான் வம்பு தொடங்கும். டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில், லாஃப்டில் பழைய குடத்துக்குப் பின்னால் என்று ரவுட்டர்கள் ஒளிந்திருக்கும் இடங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஓஎம்ஆர் பக்கத்துப் புது அடுக்குமாடிகளில் இது இன்னும் மோசம். வாசல் கதவுக்கு அருகே சுவருக்குள் பதித்த ஓர் இரும்புப் பெட்டியில் எல்லா வயரும் வந்து முடியும். ரவுட்டரையும் அதற்குள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள். நாவலூரில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். பெட்டிக் கதவு மூடியிருந்தபோது உள்ளறையில் வைஃபை ஒரு கோடு. ரவுட்டரை வெளியே எடுத்துப் பக்கத்துச் சுவரில் மாட்டியதும் முழுக் கோடு. வேறு எதையும் தொடவில்லை. அந்த மாதிரிக் கட்டடங்கள் பலவற்றில் மிவான் முறையில் எல்லாச் சுவரையும் கான்கிரீட்டும் கம்பியுமாக வார்த்திருப்பார்கள். செங்கல் தடுப்புச் சுவரைவிட அது சிக்னலை அதிகம் விழுங்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் வேறு கதை: சுவரே ஒன்றரை அடி கனம்.

ரவுட்டரை வீட்டின் நடுவாக்கில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். ரவுட்டருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, அதில் பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எதுவும் வருகிறதா என்று பாருங்கள். இரும்பும் தண்ணீரும் வைஃபைக்கு ஜென்ம விரோதிகள். மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே 2.4 அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. சாம்பார் சுட வைக்கும் இரண்டு நிமிடம் மட்டும் மீட்டிங் உடைந்தால் காரணம் தேட வேண்டாம்.

லேப்டாப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எதிரியும் உண்டு. யுஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதன் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸைக் குழப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகும்போதெல்லாம் நெட் விழுந்து, வயர்லெஸ் மவுஸும் திக்கினால் இதுதான். 5-க்கு மாறுங்கள், அல்லது டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி அறைக்கு எட்டவில்லையா? கடைக்காரர் முதலில் ரிப்பீட்டரை நீட்டுவார். மலிவு ரிப்பீட்டர் வாங்கியதையும் திருப்பி அனுப்புவதையும் ஒரே அலையில் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஹாலிலிருந்து அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டியாகப் போடுவதே நல்லது. பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதுவே போதும். அதில் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வெளி லைனுக்கான வேன் (WAN) துளையில் அல்லாமல் லேன் துளையில் செருக வேண்டும்.

லேப்டாப்புக்குள் பார்க்க வேண்டியவை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். நெட்வொர்க் என்ற தலைப்பைத் தொட்டால் நெட்டை அதிகம் தின்பவர் மேலே வருவார். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், விண்டோஸ் அப்டேட், விளையாட்டுச் செயலிகளின் அப்டேட், இவர்கள்தான் வழக்கமான ஆட்கள். கல்யாண ஆல்பத்தை டிரைவில் ஏற்றிவிட்டு நெட் ஸ்லோ என்று தவிப்பவர்கள் உண்டு. மேலே அனுப்பும் வழி நிரம்பிவிட்டால் கீழே இறக்குவதும் சேர்ந்து திணறும்.

அப்புறம் ஆபீஸ் விபிஎன், அதாவது உங்கள் நெட்டை ஆபீஸ் வழியாகச் சுற்றிவிடும் செயலி. அதை அணைத்துவிட்டு டெஸ்ட் போட்டால் வேகம் நன்றாக இருக்கிறதென்றால் உங்கள் வீட்டில் கோளாறே இல்லை; ஆபீஸ் ஐடி ஆட்களிடம் பேசுங்கள்.

சார்ஜரைச் செருகினால் வேகம், பேட்டரியில் ஓடினால் மந்தம் என்றால் மின்சேமிப்புதான் காரணம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, வைஃபை கார்டை (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகம்) இரண்டு முறை தட்டி, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் இந்தப் பக்கமே இருக்காது; கவலைப்பட வேண்டாம். பக்கத்திலேயே அட்வான்ஸ்டு பக்கத்தில் ப்ரிஃபர்டு பேண்ட் என்று இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நெட்டை வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் செயலிகள் எதையும் நம்பாதீர்கள். தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றச் சொல்லும் அறிவுரையும் நிறையச் சுற்றுகிறது. பக்கம் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம். ஃபைல் இறங்கும் வேகம் பொதுவாக மாறாது. எதுவும் உதவாதபோது நெட்வொர்க் ரீசெட் செய்யலாம். சேமித்த வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போய்விடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டே பழசு என்றால்

உங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் போனில் தெரிகிறது, பக்கத்திலேயே இருக்கும் லேப்டாப்பில் தெரியவில்லை. அப்படியானால் பெரும்பாலும் லேப்டாப்பின் கார்டு 2.4 மட்டும் தெரிந்தது. விலை குறைந்த பழைய மாடல்களில் இது சகஜம். அப்படி இருந்தால் எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது. சுலபமான வழி, இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர். நல்ல வழி, உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு கேட்கும்போது கவனமாக இருங்கள். இன்டெல் ஏஎக்ஸ்210 என்ற கார்டு, எம்.2 என்ற வகைக் கார்டுத் துளையுள்ள பெரும்பாலான லேப்டாப்புகளில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட இன்டெல் பிராசசர்களோடு மட்டும்தான் பேசும். ஏஎம்டி லேப்டாப்பில் செத்த கார்டுதான். சில பழைய மாடல்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது, சில மெல்லிய மாடல்களில் கார்டு போர்டோடு பற்றவைத்திருக்கும். அதனால் லேப்டாப்பையே கையில் கொண்டுபோய், மாட்டி, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பணம் கொடுங்கள். கார்டில் வந்து சேரும் இரண்டு ஆன்டெனா வயர்களின் முனை அரிசியைவிடச் சின்னது. அவசரமாக அழுத்தினால் நசுங்கும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் சிக்னல் பாதியாகும்.

கேபிளிலேயே வேகம் இல்லை என்றால்

முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்குகள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வந்து சேரவில்லை, நேராகப் புகார்தான். சிவப்பு இல்லை, ஆனால் வேகம் மோசம் என்றால் ஃபைபர் கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா, ஜன்னல் கதவில் நசுங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. மடித்தால் ஒளி கசியும். வருபவரிடம் "பவர் எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். வந்து சேரும் ஒளியின் பலத்தை டிபிஎம் கணக்கில் சொல்வார். மைனஸ் 20 என்றால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால், அல்லது தாண்டினால் லைனில் வேலை இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் தோண்டும் தெருக்களில் ஒட்டுப்போட்ட ஃபைபர் நிறைய. ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் போகும்.

ரவுட்டரின் அடாப்டரையும் கவனியுங்கள். கரண்ட் போய் வந்ததில் அடிபட்ட அடாப்டர் விளக்கை எரிய வைக்கும், ஆனால் அடிக்கடி ரவுட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். மாற்றும்போது அதே வோல்ட், குறைந்தது அதே ஆம்பியர்.

காலையில் கேபிளில் முழு வேகம், இரவு ஒன்பது மணிக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். மாதக் கடைசியில் மட்டும் நொண்டினால் டேட்டா வரம்பைப் பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு கோடு உண்டு.

புகார் கொடுக்கும்போது, கேபிளில் எடுத்த எண்களை நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் எடுத்ததைக் காட்டினால் உங்கள் ரவுட்டர், உங்கள் சுவர் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் லைன்மேனிடம் சொன்னது புகார் ஆகாது. கஸ்டமர் கேரில் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். அதில் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு இடம் வைத்திருக்க வேண்டும். அந்த டாக்கெட் எண் இல்லாமல் மேல்முறையீடு நகராது. அங்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.